பனிக்காலத்தில் கொடிகளைப் பேணுதல்

ஆந்திரம், கருநாடகம், தமிழகம் ஆகிய மூன்று மாநிலங்களும் நெருங்கிவரும் மேட்டு நிலத்தில், சித்தூர் மாவட்டத்தின் ராமகுப்பம் அமைந்துள்ளது. கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,000 அடி உயரத்திலுள்ள இவ்வட்டாரத்தில் மார்கழிக் குளிர் சமவெளியைவிடச் சற்று மிகுதி. அந்நாட்களில் முற்றத்து மல்லிகை இலை பழுத்து, மொட்டின்றி நிற்பதைக் கண்டு, அது பட்டுவிடுமோ என அஞ்சி நாள்தோறும் குடம் குடமாக நீர் வார்ப்பவர் உண்டு. அந்த நீரே கொடிக்குக் கேடாய் முடிகிறது.

குளிர்காலத்தில் மல்லிகை ஓய்வு கொள்கிறது. அப்போது வேர் உறிஞ்சும் நீரும், மண்ணிலிருந்து ஆவியாகும் நீரும் குறைகின்றன. தேங்கிய ஈரத்தில் காற்றுப் புகாமல் வேர் அழுகும். ஆதலின் மேல்மண் ஓரங்குலம் உலர்ந்த பின்னரே நீர் விடுதல் வேண்டும். அதனையும் காலையில் விடுதல் நலம். மாலையில் இலைமீது தெளித்த நீர் இரவெல்லாம் நின்று நோய்க்கு இடங்கொடுக்கும்.

கவாத்துக்கும் இவ்வோய்வுக் காலமே உரியது. குண்டுமல்லியை நவம்பர் இறுதியிலும், சாதிமல்லியை டிசம்பர் இறுதியிலும், முல்லையை ஜனவரி இறுதியிலும் கவாத்து செய்வது தமிழகத்து முறை. குண்டுமல்லியைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி, நோயுற்ற கிளைகளைக் களைந்து, தொழு உரம் இட்டால், மார்ச்சு முதல் பூக்கும். புதிய தளிர்களிலேயே மொட்டு அரும்புவதால், வெட்ட மனம் வராமல் விட்ட கொடியில் பூக் குறையும்.

பந்தல் அவரையின் இயல்பு வேறு. ஆடியில் விதைத்த கொடி, பகற்பொழுது குறுகும்போது பூத்து, மார்கழி, தை மாதங்களில் காய்க்கும். எனவே அதற்கு நீர் குறையலாகாது. பனியும் மேகமூட்டமும் நீடித்தால் பூங்கொத்துக்களில் அசுவினி அடையும். ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் வேப்பம்பருப்பை இடித்து, ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்துத் தெளித்தால் அது அடங்கும்.

ராமகுப்பத்தில் இவ்வளவே போதும். தில்லி போன்ற வட இந்திய ஊர்களில் வாழும் அன்பர்களுக்கு உறைபனி என்னும் வேறோர் அச்சமும் உண்டு. காற்றும் மேகமும் இல்லாத இரவில் தரையின் வெப்பம் வானோக்கி வெளியேறிவிட, இளந்தளிர் கருகுகிறது. மாலையில் கொடியின்மேல் வைக்கோலையோ சாக்கையோ பந்தல்போல் பரப்பினால் வெப்பம் தங்கும். காலையில் வெயில் வந்ததும் அதனை எடுத்துவிடல் வேண்டும். தொட்டிகளைத் தெற்கு நோக்கிய சுவரோரம் வைத்தால், பகலில் சூடேறிய சுவர் இரவில் துணை செய்யும். கவாத்தினால் எழும் தளிரே பனிக்கு முதலில் இரையாவதால், அங்கே உறைபனி நீங்கியபின் வெட்டுதல் நன்று.

வெற்றிலைக் கொடி இதற்கு நல்ல சான்று. தமிழகத்தில் அகத்தி நிழலில் திறந்த கொடிக்காலில் படரும் அக்கொடியை, உத்தரப்பிரதேசத்து மகோபாவில் மூங்கிலும் வைக்கோலும் கொண்டு நாற்புறமும் அடைத்த பந்தலுக்குள் வளர்க்கின்றனர். கொடி ஒன்றே, ஊரின் குளிருக்கேற்பக் காவல் மாறுகிறது. ஊரிலிருந்து பதியன் கொண்டு சென்றவர்கள், தாம் வாழும் இடத்தின் குளிரை அறிந்து இவற்றுள் வேண்டுவதைக் கைக்கொள்ளலாம். மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் நீரைச் சிறுகச் சிறுகக் கூட்டுக.