சின்ன உரசலும் நம் கல்லாவும்
லோடு வண்டி இன்னொரு வண்டியில் இடித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

"பதறாத காரியம் சிதறாது" என்பது பெரியவர்கள் வாக்கு. வணிகர்களாகிய நமக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சரக்கு ஏற்றிய நம் வண்டி முன்னால் நிற்கும் காரின் பின்பக்கத்தில் லேசாகத் தட்டிவிட்டால், அந்த வாக்கு முதல் நிமிடத்திலேயே மறந்துபோகிறது. டிரைவர் இறங்கிச் சத்தம் போடுகிறார், கார்க்காரர் சாவியைப் பிடுங்குகிறார், கூட்டம் கூடுகிறது, கடையில் வாடிக்கையாளர் காத்திருக்கிறார். "போய்த் தொலையட்டும்" என்று கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறோம். ஒரு வாரம் கழித்து மறுபடியும் போன் வருகிறது.

சேலம் லீ பஜாரிலும், மதுரை கீழமாசி வீதியிலும், திருச்சி காந்தி மார்க்கெட்டிலும் காலை நேர நெரிசலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. இடித்ததால் வரும் நஷ்டம் பெரும்பாலும் சிறியது. இடித்த பிறகு வரும் கால் மணி நேரத்தில் நாம் செய்வதும் செய்யத் தவறுவதும்தான் அதைப் பெரிதாக்குகின்றன. சிட்டையில் எழுதாமல் நாம் சரக்கு கொடுப்பதில்லை. அதே ஒழுங்கு சாலையிலும் இருந்தால் போதும்.

முதலில் ஆள், பிறகு வண்டி

வண்டியை நிறுத்தாமல் போய்விடுவது எந்த நிலையிலும் கூடாது. இறங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது பம்பரை அல்ல, மனிதரை. காரில் இருந்தவர், இரு சக்கர வாகனத்தில் வந்தவர், நம் வண்டியில் இருந்த லோடுமேன் என எல்லோரையும் விசாரிக்க வேண்டும். யாருக்காவது அடிபட்டிருந்தால் 108-க்குப் போன் செய்யுங்கள். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், சேர்க்கப்பட்டுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். யார் பணம் கட்டுவது என்று அங்கே நின்று வாதாட வேண்டியதில்லை.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவை ஒவ்வொரு வண்டி உரிமையாளரும் அறிந்திருக்க வேண்டும். ஒருவருக்குக் காயம் ஏற்பட்டாலும், பிறர் பொருளுக்குச் சேதம் ஏற்பட்டாலும் அது பொருந்தும். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது டிரைவரின் கடமை. போலீசார் அங்கே இல்லையென்றால் அருகிலுள்ள காவல் நிலையத்தில் கூடிய விரைவில், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

கூட்டத்தின் ஆத்திரத்துக்குப் பயந்துதான் பல டிரைவர்கள் ஓடிவிடுகிறார்கள். சட்டம் இதையும் நினைத்துப் பார்த்திருக்கிறது. கூட்டத்தின் சீற்றத்தால் மருத்துவ உதவி செய்ய முடியாமற்போனால், அதைக் காரணமாகக் காவல் நிலையத்தில் சொல்லலாம். நேராக ஸ்டேஷனுக்குப் போகிறவர் பாதுகாப்பாக இருப்பார். ஓடி ஒளிகிறவர் சிறிய விஷயத்தைப் பெரிய வழக்காக்கிவிடுவார். இதை உங்கள் டிரைவருக்கு இன்றே சொல்லி வையுங்கள். "ஏதாவது ஆனால் முதலில் எனக்குப் போன் செய், திட்ட மாட்டேன்" என்று முதலாளி சொல்லியிருந்தால் பாதிப் பிரச்சினை அப்போதே தீரும்.

படம் எடுத்த பின் ஓரம் கட்டுங்கள்

யாருக்கும் காயமில்லை என்றால், வண்டிகளை நகர்த்தும் முன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரு வண்டிகளும் நின்ற நிலை, நம்பர் பலகைகள், இடிபட்ட இடம், சாலையின் இருபுறம் என நாலைந்து படங்கள் போதும். உடனே வண்டியை ஓரம் கட்டி வழி விடுங்கள். நடுரோட்டில் வழக்காடினால் அந்தத் தெருவில் கடை வைத்திருக்கும் நம்மவர் அத்தனை பேருக்கும் வியாபாரம் கெடும்.

பிறகு எதிர்த்தரப்பாரின் பெயர், போன் நம்பர், வண்டி நம்பர், லைசென்ஸ், இன்சூரன்ஸ் கம்பெனி, பாலிசி நம்பர் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, நம்முடையதையும் கொடுக்க வேண்டும். அசல் லைசென்ஸையோ ஆர்.சி. புத்தகத்தையோ வண்டிச் சாவியையோ அடமானம் போல யாரிடமும் விட்டுவரக் கூடாது. பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் பார்த்திருந்தால் அவருடைய நம்பரையும் கேட்டு வாங்குங்கள். வாசலில் கேமரா இருந்தால் அன்றைய பதிவை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.

வாய்ச் சொல்லில் கவனம்

மரியாதையாகப் பேசுவது வேறு. பொறுப்பை ஏற்று எழுதிக் கொடுப்பது வேறு. கம்பெனியின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் குற்றத்தை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்களிப்பதோ கூடாது என்பது மோட்டார் பாலிசியில் வழக்கமாக உள்ள நிபந்தனை. "முழுச் செலவும் நானே தருகிறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு கிளெய்ம் கேட்டால் சிக்கல்தான். "அடிபட்டதா ஐயா, பார்ப்போம், இரண்டு பேர் பாலிசியையும் எடுங்கள்" என்று சொல்வதில் எந்தக் குறையும் இல்லை.

கிளெய்மா, கைக்காசா?

இங்கேதான் வணிகர் தம் கணக்கு மூளையைப் பயன்படுத்த வேண்டும். நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியத்தில், கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்கு "நோ கிளெய்ம் போனஸ்" கழிவு உண்டு. வழக்கமான அளவு முதல் ஆண்டுக்கு 20, பிறகு 25, 35, 45, கடைசியாக 50 சதவீதம். ஒரு கிளெய்ம் வாங்கினால் இந்த ஏணி மறுபடியும் அடியிலிருந்து தொடங்கும்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். கழிவுக்கு முன் அந்தப் பிரீமியம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் ஆண்டும் கிளெய்ம் இல்லாமல் முடிந்தால் 35 சதவீதம், அதாவது 3,500 ரூபாய் மிச்சம். விளக்கு உடைந்து, டிங்கரிங் வேலைக்கு 3,000 ரூபாய் ஆகிறது என்று அதே ஆண்டில் கிளெய்ம் போட்டால், கட்டாயக் கழிவு போக மீதிதான் கைக்கு வரும். போனஸ் 3,500 ரூபாயும் போய்விடும். சிறிய சேதத்தைக் கைக்காசில் முடிப்பதும், பெரிய சேதத்துக்குக் கிளெய்ம் போடுவதுமே லாபம். கிளெய்ம் போடுவதென்றால் உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். சர்வேயர் பார்க்கும் முன் ஒர்க்‌ஷாப்பில் வேலை தொடங்கக் கூடாது.

பேசி முடிப்பதானால் வெள்ளைத் தாளில் எழுதுங்கள். தேதி, நேரம், இடம், இரு வண்டி நம்பர்கள், என்ன சேதம், எவ்வளவு தொகை, "இனி இருவருக்கும் ஒருவர் மீது ஒருவர் கோரிக்கை இல்லை" என்ற வரி, இருவர் கையெழுத்து, இரண்டு சாட்சிகள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பணத்தை ஜி-பே போன்ற வழியில் அனுப்பினால் அதுவே ரசீது. ஆனால் யாருக்காவது காயம் இருந்தால் இந்தச் சீட்டு மட்டும் போலீஸ் வழக்கை முடித்துவிடாது. எதிர்த்தரப்பு மிரட்டினாலோ, தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலோ, காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

நம் வண்டிகளுக்கே உரிய சில விஷயங்கள்

குட்டி யானை ஓட்டும் பையனிடம் சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸ்தான் இருக்கிறது என்ற காரணத்தால் கிளெய்ம் மறுக்கப்படுமா என்று பலர் கவலைப்பட்டதுண்டு. மொத்த எடை 7,500 கிலோவுக்கு மிகாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. லைசென்ஸ் உள்ளவர் ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் காலாவதியான லைசென்ஸுக்கு இந்தத் தீர்ப்பு துணை வராது.

சொந்தக் காரில் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றி வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். தனியார் கார் பாலிசியில் வியாபாரச் சரக்கு ஏற்றுவது பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். இடித்த அன்று அதுவே மறுப்புக்குக் காரணமாகலாம். ஏற்றிவந்த சரக்கு சிந்தினாலோ உடைந்தாலோ வண்டிப் பாலிசி அதற்கு ஈடு தராது. சரக்குக்குத் தனி இன்சூரன்ஸ் வேண்டும்.

இன்சூரன்ஸே இல்லாமல் வண்டி ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. அது சிறிய இழப்புதான். அடிபட்டவருக்கு நஷ்டஈடு என்று தீர்ப்பாயம் உத்தரவிட்டால் அது கடையையே ஆட்டிவிடும்.

வண்டி ஓடாமல், சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், இ-வே பில் உள்ள சரக்குக்கு "பார்ட்-பி"யில் புது வண்டி நம்பரைப் பதிந்த பிறகே கிளம்ப வேண்டும். இடித்த பரபரப்பில் இதை மறந்தால், அடுத்த சோதனையில் அபராதம் கட்ட நேரும்.

வண்டியில் இருக்க வேண்டியவை

ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., புகைச் சான்று ஆகியவற்றின் நகல்கள் ஓர் உறையில் இருக்கட்டும். டிஜிலாக்கர், எம்-பரிவாகன் செயலிகளில் உள்ள ஆவணங்களும் செல்லும். அதோடு ஒரு பேனா, இரண்டு வெள்ளைத் தாள், முதலாளியின் போன் நம்பர், இன்சூரன்ஸ் கம்பெனியின் இலவசத் தொலைபேசி எண் ஆகியவற்றையும் வையுங்கள். பாலிசி முடியும் தேதியைக் கடைக் காலண்டரில் வட்டமிடுங்கள்.

வியாபாரிக்கு முதலைவிடப் பெயர் பெரிது. இடித்தவர் யாராக இருந்தாலும், நிறுத்தி, விசாரித்து, எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார் என்று தெருவில் நாலு பேர் சொன்னால் அது நம் கடைக்கு நல்ல விளம்பரம். இந்தப் பக்கத்தை நகலெடுத்து இன்றே உங்கள் டிரைவர் கையில் கொடுங்கள்.