ஓட்டமும் முழங்காலும்

முழங்கால் வலி என்றால் அது பாட்டிமார்களுக்கே உரியது என்று நாங்கள் எண்ணியிருந்தோம். சென்ற ஜூன் மாதம் பள்ளி திறந்து ஒரு மாதம் ஆவதற்குள் அந்த எண்ணம் மாறிவிட்டது.

நடந்தது இதுதான். எடை பார்க்கும் நாளன்று எங்கள் தோழி ஒருத்தியின் எடையை உரக்கப் படித்தபோது பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. மாலையில் எங்கள் இருவரிடமும் வந்து, "நாளையிலிருந்து நான் ஓடப் போகிறேன். துணைக்கு வருகிறீர்களா?" என்று கேட்டாள். உற்ற தோழி கேட்டு மறுப்பதா? மறுநாள் விடியற்காலையிலேயே மூவரும் கிளம்பிவிட்டோம். காலில் பள்ளிக்குப் போட்டுச் செல்லும் வெள்ளைக் கேன்வாஸ் காலணிதான். ராசிபுரம் செல்லும் தார்ச்சாலையில், லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி, முதல் நாளே மூன்று கிலோமீட்டர்! இரண்டாம் வாரத்தில் ஐந்து. மூச்சு வாங்குவது குறைந்ததும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் வாரம் அவளுக்கு வலி வந்தது. ஓடும்போது அவ்வளவாக இல்லை. மாடி வகுப்பிலிருந்து படி இறங்கும்போதும், சிற்றாலயத்தில் முழந்தாளிட்டு எழும்போதும் சில்லைச் சுற்றிக் குத்தியது. வீட்டில் சொன்னால் ஓட்டத்தை நிறுத்திவிடுவார்கள் என்று மறைத்தாள். ஆனால் அவள் அம்மாயி கண்டுபிடித்துவிட்டார். "பொட்டப்புள்ளைக்கு ஓட்டம் எதுக்கு கண்ணு? முட்டி தேஞ்சு போயிரும்" என்றாராம். அதற்கு இரண்டு நாள் கழித்துக் காலை வழிபாட்டு வரிசையில் அவள் மயங்கி விழுந்தாள். அப்போதுதான் தெரிந்தது, எடை குறைய வேண்டும் என்று காலை உணவையும் இரவு உணவையும் அவள் நிறுத்தியிருந்தாள். எங்களிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை.

அவள் அம்மா அழைத்துச் சென்ற டாக்டரம்மா விளக்கியதையும், பிறகு உயிரியல் ஆசிரியையிடம் கேட்டும் நூலகத்தில் தேடியும் நாங்கள் அறிந்ததையுமே இங்கு எழுதுகிறோம்.

நம் ஊர்க் கிணற்றில் உருளையைப் பார்த்திருப்பீர்கள். முழங்காற்சில்லும் அப்படிப்பட்டதுதான். தொடைத் தசை கயிறு, சில்லு உருளை, கீழ்க்கால் வாளி. காலை மடக்கி நீட்டும்போதெல்லாம் சில்லு தொடை எலும்பின் நுனியிலுள்ள பள்ளத்தில் வழுக்கிச் செல்கிறது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரை நம்மைத் திருப்பித் தாக்கும் விசை, உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு. தொடையிலும் இடுப்பிலும் தசை வலுவாக இருந்தால் அவை அந்த விசையை வாங்கிக்கொள்ளும். வலு போதாவிட்டால் சில்லின்மேல் அழுத்தம் கூடும். ஏறுவதைவிட இறங்கும்போது வலிப்பதற்கும் காரணம் உண்டு. இறங்குகையில் உடல் பாரம் முழுவதையும் தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

அப்படியானால் அம்மாயி சொன்னதுபோல மூட்டு தேய்ந்துவிடுமா? சிலேட்டில் எழுதும் பலப்பம் தேய்வதுபோல மூட்டு தேய்வதில்லை. எலும்பு நுனியிலுள்ள குருத்தெலும்பில் இரத்தக் குழாய்களே கிடையாது. அழுத்தும்போது பிழிந்தும் விடும்போது உறிஞ்சியும், நீரில் நனைத்த பஞ்சுபோல, மூட்டு நீரிலிருந்துதான் அது உணவு பெறுகிறது. ஆகவே அளவான அசைவு அதற்குத் தீங்கன்று, தேவையும்கூட.

எங்கள் தவறு வேறு இடத்தில் இருந்தது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே ஓட்டத்துக்குப் பழகிவிடுகின்றன. தசைநாரும் எலும்பும் பழக மாதக்கணக்காகும். மூச்சு பழகிவிட்டதை நம்பிக் கால் பழகுமுன்னே தூரத்தைக் கூட்டினோம். மூவரும் செய்த தவறுதான், அவளுக்கு மட்டும் வலித்தது. அவள் பட்டினியும் கிடந்தாள் அல்லவா?

எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதை எங்கள் தாய்மாரும் படிக்க வேண்டுகிறோம். அமெரிக்காவில் மூட்டு நோயுள்ள, எடை மிகுந்த முதியோர் 142 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2005இல் வெளியாயிற்று. ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின்மேல் விழும் பளு நான்கு கிலோ குறைகிறதாம். ஃபிரேமிங்ஹாம் என்ற ஊரில் நெடுங்காலம் நடந்த ஆய்வின் 1992ஆம் ஆண்டு அறிக்கையும் உண்டு. பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஐந்து கிலோ குறைந்த பெண்களுக்கு முழங்கால் மூட்டு நோய் வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்ததாக அது கூறுகிறது. எனவே எடை குறைய விரும்பியது தவறன்று. ஆனால் இவை பெரியவர்களைப் பற்றிய கணக்கு. வளரும் வயதில் பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். மாதந்தோறும் வரவேண்டியது தவறிப்போகும். எலும்பு வலுவிழந்து, ஓட ஓட அதில் மெல்லிய கீறல்கூட விழலாம். "முட்டைக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு பட்டினியா?" என்று டாக்டரம்மா கடிந்துகொண்டாராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லி கிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. குறைக்க வேண்டியவை மாலை நேரத்துப் பஜ்ஜியும் பாட்டில் பானமும்தான். (இதை எழுதும் எங்களுக்கும் பஜ்ஜியை விடுவது எளிதாக இல்லை.)

பிறகு அவள் என்ன செய்தாள்? படுத்துவிடவில்லை. இரண்டு வாரம் ஓட்டத்தை விட்டு, வலிக்காத அளவு நடந்தாள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் மெல்ல எழுந்து உட்காருவது, பக்கவாட்டில் படுத்து மேற்காலைத் தூக்கி இறக்குவது, சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்கார்ந்து நிற்பது ஆகியவற்றை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தாள். தைலம் தேய்ப்பதைவிட இதுவே முக்கியம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதன்பின் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, வாரத்தில் மூன்றே நாள். லேசான வலி வந்து மறுநாள் காலைக்குள் போய்விட்டால் அதே அளவைத் தொடரலாம். மறுநாளும் இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும். அடியைச் சிறிதாக, சற்று விரைவாக வைக்கவும் பழகினாள். அடிகளின் எண்ணிக்கையை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை கூட்டினால் முழங்காலின் பளு குறையும் என்று 2011இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் கண்டிருக்கிறார்கள். தார்ச்சாலையை விட்டு ஏரிக்கரைக்கு மாறினோம். மண் மெத்தென்று இருந்தது என்பதைவிட லாரி இல்லை என்பதே பெரிய நிம்மதி.

எல்லா வலியும் இப்படிப்பட்டதன்று. முட்டி வீங்கினாலும், மடக்க முடியாமல் பூட்டிக்கொண்டாலும், இரவில் தூக்கத்தைக் கெடுத்தாலும், காய்ச்சல் கண்டாலும், நொண்டி நடக்க நேர்ந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். எடை மிகுந்த வளரும் பிள்ளைகளுக்குச் சில வேளை இடுப்பு மூட்டின் கோளாறே முழங்கால் வலியாகத் தெரியுமாம். ஆகவே இடுப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆறாம், ஏழாம் வகுப்புத் தங்கைகளே, கோகோ ஆடும் உங்களில் சிலருக்கு முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கலாம். இதை 1903இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்தார்கள். வளர்ச்சி முடிந்ததும் பெரும்பாலும் அந்த வலி தானே நின்றுவிடும். அஞ்ச வேண்டாம்.

அம்மாயிக்கு நாங்கள் ஒரு செய்தி சொன்னோம். ஆண்களின் மராத்தான் 1896 முதலே ஒலிம்பிக்கில் உண்டு. பெண்களுக்கு அது கிடைத்தது 1984இல்தான். பெண்ணுடல் அத்தனை தூரம் தாங்காது என்ற எண்ணம் அவ்வளவு காலம் நிலவியிருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த அந்த முதல் ஓட்டத்தில் வென்ற ஜோன் பெனாய்ட், அதற்கு நான்கு மாதத்துக்கும் குறைவான காலத்துக்கு முன்னர்தான் முழங்காலில் அறுவை செய்துகொண்டவர். நம் பி.டி. உஷா நூறில் ஒரு நொடியில் பதக்கத்தை இழந்ததும் அதே ஒலிம்பிக்கில்தான். அம்மாயி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் புள்ளை வவுறாரச் சாப்பிட்டிருக்கும்" என்றார். எங்களால் மறுக்க முடியவில்லை.

சனவரியில் கொல்லிமலைக்குச் சுற்றுலா சென்றோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். எங்களுக்கு அவள் முழங்காலைப் பற்றியே கவலை. அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சிறு சிறு அடியாக, எல்லோருக்கும் கடைசியாக இறங்கினாள். திரும்பி ஏறும்போது பாதி வழியில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிப் போய், "முட்டி வலிக்கிறதா?" என்று கேட்டோம்.

"முட்டிக்கு ஒன்றுமில்லை. மூச்சுதான் வாங்குகிறது" என்றாள்.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு