முதல் நைட் டூட்டியில் பக்கத்தில் யார்?

நர்சிங் முடித்து, கவுன்சிலில் பதிவு எண்ணும் வாங்கியாகிவிட்டது. அடுத்து வேலை. 'எந்த டிபார்ட்மென்ட் எடுக்கலாம்?' என்று கேட்டால் சீனியர் அக்கா ஒன்று சொல்வார், ஹாஸ்டல் தோழி வேறொன்று சொல்வாள். ஏஜென்சிக்காரர் மட்டும் யோசிக்கவே மாட்டார்: ஐசியூ, எமர்ஜென்சி, ஓ.டி., டயாலிசிஸ். வளைகுடா வேலை விளம்பரங்கள் பெரும்பாலும் கேட்பது இந்தப் பிரிவுகளில் இரண்டு வருஷ அனுபவத்தைத்தான். கல்விக் கடன் கட்ட வேண்டிய குடும்பத்துக்கு அந்தப் பட்டியலே வேதவாக்கு. 'வார்டில் போய் என்னத்தைக் கற்றுக்கொள்ளப் போகிறாய்?' என்று கேட்காத வீடு குறைவு.

நிறையக் கற்றுக்கொள்ளலாம். முதல் ஒரு வருஷமாவது ஜெனரல் மெடிக்கல் வார்டில் நின்றுவிட்டுப் பிறகு எந்தப் பிரிவுக்கு வேண்டுமானாலும் போங்கள் என்பதுதான் புதிதாக வரும் ஒவ்வொரு நர்ஸுக்கும் நான் சொல்வது.

மானிட்டர் இல்லாத கட்டில்கள்

மெடிக்கல் வார்டில் சர்க்கரை, நிமோனியா, பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, மழைக்காலமானால் டெங்கு என்று எல்லோரும் வரிசையாகப் படுத்திருப்பார்கள். எல்லார் தலைமாட்டிலும் மானிட்டர் கிடையாது. நர்ஸின் கண்ணையும் கையையும் நம்பித்தான் வார்டே ஓடும்.

மூச்சு எண்ணுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். பிபிக்கு மெஷின் இருக்கிறது. பல்ஸுக்கும் ஆக்ஸிஜனுக்கும் விரலில் கிளிப் மாட்டினால் போதும். மூச்சை மட்டும் நோயாளியின் நெஞ்சைப் பார்த்து ஒரு நிமிஷம் முழுதாக எண்ண வேண்டும். வேலை மும்முரத்தில் முதலில் கைவிடப்படுவது அதுதான். சார்ட்டைப் புரட்டினால் பத்துப் பேருக்கும் 20 என்றே எழுதியிருக்கும். ஆனால் நிமோனியா முற்றும்போதும், கிருமித் தொற்று ரத்தத்தில் பரவும்போதும் பெரும்பாலும் முதலில் ஏறுவது மூச்சின் எண்ணிக்கைதான்; பிபி விழுவது பிறகு. பிரிட்டனில் 2012-ல் வந்த அபாய எச்சரிக்கை மதிப்பெண் முறையில் மூச்சு 25-ஐத் தொட்டாலே அதற்கு உச்ச மதிப்பெண்ணான 3 விழும். மூச்சை எண்ணாமல் 20 என்று எழுதும் கை, அந்த அபாயத்தையே சார்ட்டிலிருந்து அழித்துவிடுகிறது.

டெங்கு வார்டில் இன்னொன்று. பிபி 100/80 என்று வருகிறது. மேலே நூறு இருக்கிறதே என்று புதிய நர்ஸ் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிடுவார். பழகியவர் இரண்டு எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்ப்பார். காய்ச்சல் விட்டுவிட்டது என்று அம்மா நிம்மதியாகும் நேரத்தில்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து அந்த இடைவெளி சுருங்கத் தொடங்கும். அது 20-க்கு வந்துவிட்டால் ஷாக்கின் அறிகுறி. தொட்டுப் பார்த்தால் கை கால் சில்லிட்டிருக்கும், சிறுநீரும் குறைந்திருக்கும். 'பிளேட்லெட் எவ்வளவு சிஸ்டர்?' என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் உறவினர்களுக்கு நடுவில் இதைக் கவனித்து, தூங்கும் டாக்டரை எழுப்ப வேண்டியவர் நர்ஸ்தான்.

இதெல்லாம் பாடத்தில் உண்டு. பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பார்கள். நூறு நோயாளிகளைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நூற்றியோராவது ஆள் சரியில்லை என்று கைக்குத் தெரியும். அத்தனை விதமான நோயாளிகள் வார்டில்தான் கிடைப்பார்கள். எடுத்த எடுப்பில் டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு மெஷின் அத்துப்படியாகலாம், ஆனால் இந்தப் பழக்கம் வாய்க்க நாளாகும்.

அலாரம் அடிப்பதற்கு முன்

ஐசியூ மட்டமான தேர்வு என்று சொல்லவில்லை. அங்கே தவறைத் திருத்த நேரம் மிகக் குறைவு என்பதுதான் என் கவலை. பிபியைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் ஓடும் நோயாளியைப் பாருங்கள். 50 மில்லி சிரிஞ்சில் மருந்து, பம்ப் அதைச் சொட்டுச் சொட்டாக உள்ளே தள்ளுகிறது. அது நின்றால், உடலில் அந்த மருந்தின் வேகம் ஓரிரு நிமிஷத்திலேயே இறங்கிவிடும். அனுபவமுள்ள சிஸ்டர், சிரிஞ்ச் காலியாகும் முன்பே அடுத்ததைக் கலந்து லேபிள் ஒட்டித் தயாராக வைத்திருப்பார். புதியவர் அலாரம் அடித்த பிறகுதான் ஆம்ப்யூலை உடைப்பார். அதற்குள் பிபி சரிந்திருக்கும்.

பொட்டாசியம் குளோரைடும் அப்படித்தான். 10 மில்லி ஆம்ப்யூலில் 20 மில்லி ஈக்விவலென்ட் இருக்கிறது. கலக்காமல் நேரே ரத்தநாளத்தில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். இன்னொரு நர்ஸ் கூட நின்று சரிபார்த்த பிறகே இத்தகைய மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விதி. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த இன்னொரு நர்ஸ் யார்? அவருக்கும் வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம்தான் என்றால், அந்தச் சரிபார்த்தலுக்கு என்ன பொருள்?

கற்றுக்கொடுப்பவர் விமானம் ஏறிவிட்டார்

நர்ஸின் தேர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்துக் காட்டும் அமெரிக்க நூல் ஒன்று 1984-ல் வந்தது. நர்சிங் கல்லூரிகளில் இன்றும் அதைப் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள். ஒரே விதமான வேலையில் இரண்டு மூன்று வருஷம் இருந்த பிறகுதான் ஒரு நர்ஸ் மூன்றாவது படியான 'திறமை பெற்றவர்' நிலைக்கு வருகிறார் என்கிறது அந்த நூல். நம் ஊர்க் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஏஜென்சி கேட்பதும் இரண்டு வருஷம். ஒரு நர்ஸ் தன் வேலையை உருப்படியாகச் செய்யவும் அடுத்தவருக்குக் கற்றுத்தரவும் தொடங்கும் அதே மாதத்தில் விசா வந்துவிடுகிறது.

போகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. சம்பளம்தான் துரத்துகிறது. உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2016-ல் அமைந்த நிபுணர் குழு ஒரு பரிந்துரை தந்தது. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகளில் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் வேண்டும், 50 படுக்கைகளுக்குக் கீழ் உள்ள இடத்திலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. அது பரிந்துரையாகவே நிற்கும் மருத்துவமனைகளிலிருந்து அனுபவசாலிகள் கிளம்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

விளைவு ராத்திரியில்தான் தெரியும். பகலில் இன்சார்ஜ் சிஸ்டர் இருப்பார், டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவார்கள், சந்தேகம் கேட்க நாலு பேர் நடமாடுவார்கள். ராத்திரி எட்டு மணி ஹேண்ட்ஓவர் முடிந்தால் எட்டு மாதம் ஆனவர் சீனியர், இரண்டு மாதம் ஆனவர் ஜூனியர். மறுநாள் காலை எட்டு மணி வரை பன்னிரண்டு மணி நேரம் அந்த உயிர்கள் அவர்கள் பொறுப்பு. வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்ற அளவுகோல் தாளில் சரியாகவே இருக்கும். அந்த ஒருவர் நேற்று வந்தவரா என்பது தாளில் தெரியாது. தவறு நடந்தால் மெமோ மட்டும் அவர் பெயருக்கு வரும்.

சின்ன வயதிலேயே ஐசியூவில் இறங்கினால் வேகமாகக் கற்கலாம் என்று வாதிடும் சீனியர்களும் உண்டு. பல வாரம் ஒரு சீனியரோடு சேர்த்தே டூட்டி போட்டு, பிறகே தனியாக நோயாளியை ஒப்படைக்கும் மருத்துவமனையில் அது சாத்தியம்தான். அந்த ஏற்பாடு இல்லாத ஐசியூவைவிட, நல்ல இன்சார்ஜ் சிஸ்டர் இருக்கும் சாதாரண வார்டு ஆயிரம் மடங்கு மேல்.

இன்டர்வியூவில் கேளுங்கள்

சம்பளமும் ஹாஸ்டலும் கேட்பதோடு எழுந்து வந்துவிடாதீர்கள். இவற்றையும் கேளுங்கள்:

• சேர்ந்து எத்தனை வாரம் கழித்து நைட் டூட்டி போடுவீர்கள்?

• அந்த ஷிஃப்டில் இரண்டு வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர் எத்தனை பேர்?

• முதல் மூன்று மாதம் என்னை ஆள் கணக்கில் சேர்ப்பீர்களா, கூடுதலாக வைப்பீர்களா?

• ஐசியூவில் ஆள் குறைந்தால் வார்டிலிருக்கும் புதியவரை அங்கே அனுப்புவீர்களா?

• ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்வீர்களா?

கேட்டால் வேலை கிடைக்காதோ என்று பயப்பட வேண்டாம். எங்கும் ஆள் தட்டுப்பாடு. இப்போது பேரம் பேசும் இடத்தில் இருப்பவர் நீங்கள்தான். வார்டில் ஒரு வருஷம் இருந்தால் வெளிநாடு ஒரு வருஷம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அப்பா அம்மாக்கள் அந்த ஒரு வருஷத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும்.

மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு நைட் ஷிஃப்டிலும், ஒவ்வொரு பிரிவிலும், அனுபவமுள்ள ஒரு நர்ஸாவது இருப்பதைக் கட்டாயமாக்குங்கள். அவர் ஊரிலேயே தங்கும்படியான சம்பளம் கொடுங்கள். அதைச் செய்யாத இடத்தில், ஆர்டரில் ஐசியூ என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், புதிய நர்ஸ்கள் கையெழுத்துப் போடக் கூடாது.