விலை மலிந்த கருவிகள்: லாபமா, நஷ்டமா?

சங்கங்களைப் பார்வையிட ஊர் ஊராகச் செல்லும்போது அங்கத்தினர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் கடனைப் பற்றியும் வட்டியைப் பற்றியுமே இருக்கும். அண்மைக் காலமாக வேறொரு கேள்வியும் சேர்ந்துகொண்டிருக்கிறது. “நாற்பத்தாறு உருப்படி அடங்கிய ஸ்பானர் பெட்டி மிகச் சொற்ப விலைக்குக் கிடைக்கிறதே, ஐயா, வாங்கலாமா?” என்று நெசவாளரும் கேட்கிறார், உழவரும் கேட்கிறார். கைபேசியில் விரலால் தொட்டால் அந்தப் பெட்டி வீட்டு வாசலுக்கே வந்து சேருகிற காலம் இது. ஆகவே இக்கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்வது அவசியமாகிறது.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நெசவாளர் சங்கம் ஒன்றின் பொதுத் தறிக்கூடத்துக்கு ஸ்பானர்களும் திருப்புளிகளும் அரங்களும் வாங்கப்பட்டன. மூன்று கடைகளிலிருந்து விலைப்புள்ளி பெற்றிருந்தார்கள். நிர்வாகக் குழு, நடுத்தர விலை குறித்த கடையைத் தேர்ந்தெடுத்திருந்தது. குறைந்த விலை இருக்கக் கூடுதல் விலை ஏன் கொடுக்கப்பட்டது என்பதற்குத் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை. நான் ஆட்சேபணை எழுதினேன். செயலாளர் என் தந்தையின் வயதை ஒத்தவர். “மட்டமான ஸ்பானர் போல்ட்டைத் தின்றுவிடும், ஐயா” என்றார். “காரணம் காகிதத்தில் இருக்க வேண்டும்” என்று நான் மறுமொழி கூறினேன்.

மறு ஆண்டு அவர் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, ஆகக் குறைந்த விலைக்கே வாங்கினார். தீபாவளிக்கு முந்திய மாதம், பாவு ஓட்டும் உருளையின் போல்ட்டு ஒன்றைக் கழற்ற வேண்டி வந்தது. புது ஸ்பானரை மாட்டித் திருகினார்கள். அதன் வாய் விரிந்துவிட்டது. போல்ட்டுத் தலையின் ஆறு முனைகளும் மழுங்கிப்போயின. நகரத்திலிருந்து ஆள் வந்து அதை அறுத்தெடுக்க இரண்டு நாட்கள் ஆயின. பாவு வராமையால் தறிகள் நின்றன. நெய்த அளவுக்குக் கூலி பெறுகிறவருக்கு, நெய்யாத நாளுக்குக் கூலி ஏது? அதுவும் பண்டிகைக்கு முந்திய நாட்களில்!

அடுத்த முறை நான் சென்றபோது செயலாளர் எதுவும் சொல்லவில்லை. வாய் பிளந்த அந்த ஸ்பானரை என் கோப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, எனக்குக் காப்பி வரவழைக்கச் சென்றுவிட்டார்.

மலிவு எங்கிருந்து பிறக்கிறது?

கருவியின் தரத்தை நிர்ணயிப்பவை இரண்டு. ஒன்று, அது எந்த எஃகினால் ஆனது என்பது. மற்றொன்று, அந்த எஃகு எவ்வாறு பதப்படுத்தப்பட்டது என்பது. நூற்றுக்குக் கால் பங்குக்கும் குறைவாகக் கரி கலந்த மெல்லிரும்பை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் அது போதிய கடினம் பெறாது. அரைப் பங்குக்கு மேல் கரி கலந்த எஃகோ, செந்நிறமாகக் காய்ச்சித் தோய்க்கும்போது உறுதி பெறுகிறது. பின்னர் இளஞ்சூட்டில் மீண்டும் வைத்தெடுத்தால் முறியாத தன்மையும் அடைகிறது. நல்ல ஸ்பானர்களில் குரோமியமும் வனேடியமும் சிறிதளவு சேர்ப்பதும் இந்த உறுதியை முன்னிட்டே. இவற்றுக்கெல்லாம் செலவு உண்டு. விலையை மிகவும் தாழ்த்த விரும்புகிறவர் முதலில் கை வைப்பது இங்கேதான். மேலே பூசிய பளபளப்பு மட்டும் குறைவதில்லை!

மரத்தையும் இரும்பையும் துளைக்கும் அலகுகளிலும் இந்த வேற்றுமையைக் காணலாம். சாதாரணக் கரி எஃகினால் ஆன அலகு, துளைக்கும்போது எழும் சூட்டிலேயே பதம் இழந்து மழுங்கும். ‘ஹை ஸ்பீடு ஸ்டீல்’ என்னும் எஃகினால் ஆனது ஏறத்தாழ 600 டிகிரிச் சூடு வரையிலும் தன் கடினத்தைக் காத்து நிற்கும்.

மலிவெல்லாம் மோசமன்று

இவ்வளவும் கூறியதால், விலை குறைந்தது எதையும் தொடலாகாது என்று அங்கத்தினர்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். நம் ஊர்க் கொல்லர் பழைய லாரியின் வில்பட்டையை வெட்டி அடித்துத் தரும் மண்வெட்டியும் அரிவாளும், பெட்டியில் வரும் பலவற்றைவிட மலிவானவை, உழைப்பிலோ மேலானவை. வில்பட்டை நல்ல கரி எஃகு ஆகையால் தோய்ச்சலை ஏற்கிறது. வாய் தேய்ந்தால் அதே பட்டறையில் மீண்டும் அடித்து வாங்கலாம். இங்கே மலிவுக்குக் காரணம் தரக்குறைவு அன்று; விளம்பரச் செலவும் வண்டிக் கூலியும் இல்லாமையே.

மேலும், ஆண்டுக்கு ஓரிரு முறையே கையில் எடுக்கும் கருவிக்கு மிகுந்த பணத்தை முடக்குவதும் சிக்கனம் ஆகாது. வீட்டில் ஆணி அடிக்கவும் கதவுக் கீலை இறுக்கவும் சாதாரணக் கருவிகளே போதும். ஒன்று அடிக்கடி உபயோகமாகித் தேய்ந்தால், அந்த ஒன்றை மட்டும் அடுத்த முறை உயர்ந்த தரத்தில் வாங்கிக்கொள்ளலாம். எது நமக்கு உண்மையில் தேவை என்பதை அந்தத் தேய்மானமே காட்டிக்கொடுக்கும்.

ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். 600 ரூபாய்க் கருவி ஓராண்டு உழைக்கிறது. 1,500 ரூபாய்க் கருவி ஆறு ஆண்டுகள் உழைக்கிறது என வைத்துக்கொள்வோம். முன்னதற்கு ஆண்டுச் செலவு 600 ரூபாய். பின்னதற்கு 250 ரூபாய். இதனோடு, கருவி பழுதான நாளில் இழந்த கூலியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைச் சீட்டில் அந்தத் தொகை எழுதப்படுவதில்லை. குடும்பம்தான் அதைச் செலுத்துகிறது.

விலை பார்க்கக் கூடாதவை

சிலவற்றில் மட்டும் மலிவைத் தேடவே கூடாது. முதலாவது, உடலுக்குத் தீங்கு செய்யக்கூடியவை. கையில் பிடித்து இரும்பை அறுக்கும் சிறு கிரைண்டரின் வட்டு, நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுற்றுக்கு மேலும் சுழலும். வட்டின் மேல் அச்சிட்டுள்ள உச்ச வேகம், யந்திரத்தின் வேகத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். வேகம் குறிக்கப்படாத வட்டை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்; காப்பு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள். மின்சாரக் கருவிகளில், சதுரத்துக்குள் சதுரம் வரைந்த இரட்டைக் காப்பு முத்திரையாவது, நில இணைப்புடன் கூடிய மூன்று முனைச் செருகியாவது இருத்தல் வேண்டும். பாரம் தூக்கும் ஜாக்கியும் சங்கிலியும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. ஜாக்கி எவ்வளவு நல்லதாயினும், மரக்கட்டை முட்டுக் கொடுக்காமல் வண்டிக்கு அடியில் புகலாகாது.

இரண்டாவது, செய்பொருளைக் கெடுப்பவை. பற்களின் இடைவெளி சீராக இல்லாத அச்சு, துணி நெடுகக் கோடு விழச் செய்யும். துருப்பிடிக்கும் அச்சு, வெள்ளைப் பாவில் கறை ஏற்றும். நன்கு உலராத மரத்தில் செய்த நாடா நாளடைவில் கோணி, முனை தளர்ந்து இழையை அறுக்கும். நாடாவில் மிச்சம் பிடித்த பணம், கழித்து ஒதுக்கப்படும் ஒரு சேலையில் போய்விடும்.

கடையில் செய்யத்தக்க சோதனைகள்

கருவியை வாங்குமுன் ஐந்து நிமிஷம் செலவிடுங்கள். ஸ்பானரைப் புதிய போல்ட்டின் மேல் மாட்டிப் பாருங்கள். அதிகம் ஆடினால் வேண்டாம். மண்வெட்டியை விரலால் சுண்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்; மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் இருக்கக்கூடும். அச்சை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பற்களின் இடைவெளியை நோக்குங்கள். நாடாவின் மீது பஞ்சையோ பட்டிழையையோ இழுத்துப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே பாவும் சிக்கும். கைத்தெளிப்பானாயின் வாஷரும் முனையும் தனியே கிடைக்குமா என்று கேளுங்கள். மின்கலத்தால் இயங்கும் கருவியாயின், அந்த மின்கலம் பின்னரும் தனியே விற்கப்படுமா என்று விசாரியுங்கள். உதிரிப் பாகம் கிடைக்காத கருவி, முதல் பழுதோடு முடிந்துபோகும்.

சங்கம் செய்யத்தக்கது

தனி அங்கத்தினருக்கு எட்டாத நல்ல கருவி, ஐம்பது பேர் சேர்ந்தால் எட்டும். நாள்தோறும் வேண்டியதை அவரவர் வாங்கிக்கொள்ளட்டும்; எப்போதாவது வேண்டிய விலையுயர்ந்த கருவியைச் சங்கம் ஒன்றே ஒன்று வாங்கிக் குறைந்த வாடகைக்குத் தரலாம். எடுத்தவர் பெயரும் திருப்பிய நாளும் எழுத ஒரு பதிவேடும், அதைப் பார்த்துக்கொள்ளப் பொறுப்பான ஒருவரும் இருந்தால் போதும்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரின் நெசவாளர்களும் பிற தொழிலாளர்களுமாக 28 பேர், 1844 டிசம்பர் 21-ஆம் தேதி தங்கள் கடையைத் திறந்தார்கள். அண்டைக் கடையைவிட மலிவாக விற்பது அவர்களுடைய நோக்கமன்று. கலப்படமற்ற மாவையும் வெண்ணெயையும் சரியான எடையில், சந்தை விலைக்கே விற்றார்கள். மிஞ்சிய லாபத்தை, வாங்கிய அளவுக்கு ஏற்ப அங்கத்தினர்களுக்கே பங்கிட்டார்கள். கூட்டுறவின் தொடக்கத்திலேயே தரம் விலைக்கு முன்னால் நின்றது.

ஆகவே நிர்வாகக் குழுவினர் விலைப்புள்ளி கோருமுன், வேண்டிய கருவியின் எஃகு, அளவு, முத்திரை, உதிரிப் பாகம் ஆகியவற்றை முதலில் தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். அந்தத் தரத்துக்கு உட்பட்டவற்றுள் குறைந்த விலையைத் தேர்ந்தெடுங்கள். அப்பொழுது எந்த ஆய்வாளரும் ஆட்சேபிக்க இடமிராது. நான் முன்னே சொன்ன சங்கம் இன்று அவ்வாறே செய்கிறது. அத்தீர்மானத்தின் வாசகத்தைச் செயலாளரும் நானும் ஒருங்கே அமர்ந்து எழுதினோம். என் பழைய ஆட்சேபணையை நானே நீக்கினேன்.