கோயிலைக் காப்பாற்றிய கசாப்புக் கடை: போர்ச்சுகலின் எவோரா அழியாமல் நிற்பது எப்படி?

லிஸ்பனிலிருந்து கிழக்கே சுமார் 130 கி.மீ. ரயிலில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். போர்ச்சுகல் போகிறவர்களில் பலரும் எவோராவை ஒரே நாளில் முடித்துவிடுகிறார்கள். காலையில் ரோமானியக் கோயில் முன்னால் ஒரு செல்ஃபி, அடுத்து எலும்புத் தேவாலயத்தில் இன்னொன்று, மதியம் சாப்பாடு, சாயங்காலம் திரும்ப லிஸ்பன். அவ்வளவுதான் எவோரா.

அந்த முதல் செல்ஃபியில் தெரியாத ஒரு விஷயம் உண்டு. பின்னால் கம்பீரமாக நிற்கும் அந்தக் கோயில், 1836 வரை ஊரின் கசாப்புக் கடை. ஏதோ ஒரு மன்னரோ, தொல்லியல் துறையோ அதைப் பாதுகாக்கவில்லை. ஆட்டையும் மாட்டையும் வெட்டி விற்றவர்களின் புண்ணியத்தில்தான் அது இன்றைக்கு நிற்கிறது.

எவோராவின் பெரும்பாலான சின்னங்களுக்கு இப்படி ஒரு கதை இருக்கிறது. அது தெரியாமல் போனால் பார்ப்பது கல்லும் சுண்ணாம்பும் மட்டும்தான்.

டயானா கோயில்... ஆனால் டயானா இல்லை

ஊரின் உச்சி மேட்டில் 14 தூண்கள். கி.பி. 1-ம் நூற்றாண்டில் எழுந்த கட்டிடம் இது. தூண்களின் உடல் உள்ளூர் கிரானைட், தலையும் அடியும் பக்கத்து ஊரான எஸ்ட்ரெமோஸின் பளிங்கு. வழிகாட்டிகள், டாக்ஸிக்காரர்கள், கடைக்காரர்கள் எல்லோரும் 'டயானா கோயில்' என்றுதான் சொல்வார்கள். வேட்டைத் தெய்வமான டயானாவுக்கும் இதற்கும் தொடர்பு இருந்ததாக எந்த ஆதாரமும் கிடையாது. 17-ம் நூற்றாண்டில் ஒட்டிக்கொண்ட பெயர், இன்றுவரை உதிரவில்லை. ரோமப் பேரரசர் வழிபாட்டுக்காகக் கட்டியிருக்கலாம் என்பதே ஆய்வாளர்களின் கருத்து.

ரோமாபுரி ஆட்சி முடிந்ததும் இப்படிப்பட்ட கட்டிடங்களுக்கு என்ன நடக்கும்? கல்லுக்குக் கல் பெயர்த்துக்கொண்டு போய் வீடு கட்டுவார்கள். ஐரோப்பா முழுக்க நடந்தது அதுதான். எவோராவில் மத்திய காலத்தில் தூண்களுக்கு நடுவே சுவர் எழுப்பி, மேலே கோட்டை மாதிரி முகடு வைத்து, கடைசியில் இறைச்சிக் கடை ஆக்கிவிட்டார்கள். தினமும் வேலைக்கு ஆகிற கட்டிடத்தை யாரும் இடிக்க மாட்டார்கள் இல்லையா? தூண்கள் சுவருக்குள் பத்திரமாகத் தூங்கின.

1870-களில் இத்தாலியரான ஜுசெப்பே சினாட்டியின் மேற்பார்வையில் அந்தச் சுவர்களை எல்லாம் இடித்துத் தள்ளினார்கள். 'அசல்' கோயில் வெளியே வந்தது. அதாவது, இப்போது நாம் பார்க்கும் காட்சி ரோமானியர்கள் விட்டுப்போனது மட்டும் அல்ல. எந்த வரலாறு அழகு, எந்த வரலாறு அசிங்கம் என்று 19-ம் நூற்றாண்டில் சிலர் எடுத்த முடிவும்கூட. காப்பாற்றிய கடைக்கு அங்கே இடமில்லாமல் போய்விட்டது. கொஞ்சம் அநியாயம்தான்.

பணம் போனது, ஊர் பிழைத்தது

15, 16-ம் நூற்றாண்டுகளில் போர்ச்சுகல் மன்னர்கள் எவோராவில் அடிக்கடி வந்து தங்கினார்கள். அரசவை வந்தால் பிரபுக்கள் வருவார்கள், மாளிகைகள் வரும், மடங்கள் வரும். 1559-ல் இயேசு சபையினரின் பல்கலைக்கழகமும் வந்தது. வாஸ்கோ டா காமாவும் இங்கே சில காலம் வசித்தார். அவர் வீடு என்று மரபாகச் சொல்லப்படும் இடத்தில் கடல்கன்னி, பல தலைப் பாம்பு என விசித்திரமான 16-ம் நூற்றாண்டுச் சுவரோவியங்களை இன்றும் பார்க்கலாம்.

அப்புறம் இறங்குமுகம். 1580-ல் போர்ச்சுகல் ஸ்பெயின் மன்னரின் கைக்குப் போனது. 1759-ல் இயேசு சபையினர் நாட்டைவிட்டே துரத்தப்பட, பல்கலைக்கழகத்துக்குப் பூட்டு. அது திரும்பத் திறக்க 1970-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மிச்சமிருந்தது கோதுமை வயலும் கார்க் மரமும் ஆடும்.

பணம் இருந்திருந்தால் பழையதை இடித்துப் புதிதாகக் கட்டியிருப்பார்கள். இல்லாததால் அப்படியே விட்டுவிட்டார்கள். 1755 நிலநடுக்கம் லிஸ்பனைத் தரைமட்டமாக்கியபோதும் எவோரா பெரிய சேதம் இல்லாமல் தப்பியது. லிஸ்பன் இழந்ததைத் தேடுகிறவர்கள் இங்கேதான் வர வேண்டும். 1986-ல் மதிலுக்குள் இருக்கும் பழைய நகரம் மொத்தத்தையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கோயிலுக்குப் பக்கத்திலேயே பேராலயம். 1186-ல் வேலை தொடங்கியது. பார்த்தால் கோட்டை மாதிரி இருக்கும். போர்ச்சுகலின் மத்திய காலப் பேராலயங்களில் இதுதான் பெரியது. உள்ளே கர்ப்பிணியாக நிற்கும் மேரி மாதா சிலை ஒன்று இருக்கிறது, குழந்தை வரம் கேட்டும் சுகப்பிரசவம் வேண்டியும் பெண்கள் வருவார்கள். 1584-ல் ஜப்பானிலிருந்து ரோமுக்குப் போய்க்கொண்டிருந்த பதின்ம வயதுத் தூதுக்குழுவினர் இங்கே தங்கியபோது, அவர்களில் இருவர் இந்த ஆலயத்தின் ஆர்கனை வாசித்துக் காட்டினார்கள். படியேறினால் மொட்டை மாடி. வெள்ளைச் சுவர், மஞ்சள் பட்டை, ஓட்டுக்கூரை, அதற்கு அப்பால் சமவெளி. ஊரின் மேப் மொத்தமும் கண் முன்னால் விரியும்.

காபி குடிக்கும் சதுக்கத்தில் நடந்தவை

மேட்டிலிருந்து இறங்கினால் ஜிரால்டோ சதுக்கம். எட்டு வாய்களில் தண்ணீர் கொட்டும் 1571-ம் ஆண்டு நீரூற்று, வளைவுகளுக்குக் கீழே கடைகள், வெளியே நாற்காலி போட்ட காபிக் கடைகள். பெயருக்குச் சொந்தக்காரர், 1165-ல் மூர்களிடமிருந்து ஊரைப் பிடித்ததாகச் சொல்லப்படும் 'அஞ்சா நெஞ்சன்' ஜிரால்டோ. நகரின் சின்னத்தைக் கவனித்துப் பாருங்கள். குதிரைமேல் அவர், கீழே வெட்டப்பட்ட இரண்டு தலைகள்.

1483-ல் இதே சதுக்கத்தில்தான் நாட்டின் பெரும் பணக்காரப் பிரபுவான பிரகான்சா கோமகனின் தலையை மன்னர் இரண்டாம் ஜோவாவ் வெட்டவைத்தார். அதன் பிறகு வந்தது அதைவிட நீண்ட இருட்டு. 1536-ல் போப்பின் அனுமதியோடு போர்ச்சுகலில் மத விசாரணை மன்றம் தொடங்கியபோது அரசவை எவோராவில் இருந்தது. மன்றமும் இங்கேயே வேலையைத் தொடங்கியது. அதற்கு 40 ஆண்டுகளுக்கு முன்பே யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியிருந்தார்கள். மாறியவர்களும் அவர்கள் வாரிசுகளும் 'புதுக் கிறிஸ்தவர்கள்'. வீட்டுக்குள் ரகசியமாகப் பழைய மதத்தைப் பின்பற்றுகிறார்கள் என்று அக்கம்பக்கத்தார் போட்டுக்கொடுத்தால் போதும், கைதுதான். தீர்ப்பைப் பொது இடத்தில், கூட்டம் கூட்டி வாசிப்பார்கள். சிலரை எரித்தார்கள். மன்றம் ஒழிக்கப்பட்டது 1821-ல்.

அந்த மன்றத்தின் மாளிகை ரோமானியக் கோயிலுக்கு எதிரே சில அடி தூரத்தில் இருக்கிறது. இன்று அங்கே கலைக்கூடம், கண்காட்சிகள். செல்ஃபி எடுக்கிற கூட்டத்தில் திரும்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

தமிழர்களுக்கு இந்த இடத்தில் ஒரு தனித் தொடர்பு உண்டு. எவோரா மாவட்டத்திலேயே இருக்கிற விலா விசோசா என்ற ஊரில் 1520-ல் பிறந்தவர் ஹென்றிக் ஹென்றீக்கஸ். நம் ஊரில் அண்டிரிக் அடிகளார். யூத வம்சாவளி என்பதால் பிரான்சிஸ்கன் சபையிலிருந்து வெளியேற வேண்டிவந்தது. பிறகு இயேசு சபையில் சேர்ந்து, முத்துக்குளித்துறைக்குப் போய், தமிழ் படித்து, தமிழுக்கு இலக்கணமும் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்'தான் இந்திய எழுத்துருவில் இந்தியாவில் அச்சிட்ட முதல் நூல். 1600-ல் இறக்கும்வரை தமிழ் மண்ணைவிட்டு ஊர் திரும்பவில்லை. சொந்த மாவட்டத்தில் அவருடைய வம்சத்தார் போன்றவர்களை மன்றம் விசாரித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான், கடலுக்கு இந்தப் பக்கம் தமிழ் எழுத்துகள் அச்சேறின.

5,000 பேர் காத்திருக்கும் அறை

சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் புனித பிரான்சிஸ் தேவாலயம். அதை ஒட்டித்தான் எவோராவின் 'வைரல்' இடமான எலும்புத் தேவாலயம். சுவர், தூண் எல்லாம் மனித எலும்பு, மண்டை ஓடு. சுமார் 5,000 பேருடையவை என்பது கணக்கு. வாசலில் உள்ள வாசகம், உள்ளே இருக்கும் எலும்புகள் வருகிறவர்களின் எலும்புகளுக்காகக் காத்திருப்பதாகச் சொல்கிறது.

திகில் படம் பார்க்கிற மூடில் போனால் ஏமாற்றம்தான். ஊரின் தேவாலயக் கல்லறைகளில் இடம் நெருக்கடி. எலும்புகளை எடுத்தாக வேண்டும். எங்கோ கொண்டுபோய்ப் புதைப்பதற்குப் பதிலாக, வசதியானவர்கள் வந்து போகும் ஊரில் 'எல்லோருக்கும் முடிவு இதுதான்' என்று காட்ட பிரான்சிஸ்கன் துறவிகள் 17-ம் நூற்றாண்டை ஒட்டி இதை உருவாக்கினார்கள். இங்கே பணக்காரன் மண்டை எது, கூலிக்காரன் மண்டை எது என்று யாராலும் சொல்ல முடியாது. கூட்டம் குறைந்த காலை நேரத்தில் போனால் அந்த அறை தன் வேலையைச் சரியாகச் செய்யும். மாடியில் கிறிஸ்து பிறப்புக் குடில் பொம்மைகளின் பெரிய தொகுப்பு இருக்கிறது. எலும்புகளிலிருந்து நேராகத் தொட்டில் குழந்தைக்கு! யார் யோசனையோ, நல்ல யோசனை.

வளைவுக்குள் வீடு

ஒருநாள் பயணிகள் தவறவிடுவது வடக்கு மதில் பக்கம் இருக்கும் 'குழாய்த் தெரு'வை. 1530-களில் சுமார் 18 கி.மீ. தூரத்திலிருந்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுவரக் கல்வாய்க்கால் கட்டினார்கள். பெயர் 'வெள்ளித் தண்ணீர்' வாய்க்கால். வடிவமைத்தவர் பிரான்சிஸ்கோ டி அருடா, லிஸ்பனின் பெலேம் கோபுரத்தைக் கட்டிய அதே ஆள். மதிலுக்கு வெளியே உயரமான வளைவுகள்மேல் வரும் வாய்க்கால், ஊருக்குள் நுழைந்ததும் தாழ்ந்துகொண்டே போகும். அந்த வளைவுகளுக்கு அடியில் மக்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் ரெடிமேட் கல் தூண், மேலே ரெடிமேட் கல் வளைவு. நடுவில் கதவு, ஜன்னல் வைத்தால் வீடு தயார். இப்போதும் குடியிருக்கிறார்கள். கசாப்புக் கடை கதைதான் இங்கேயும். ஒரே வித்தியாசம், இந்த வீடுகளை யாரும் இடித்துத் தள்ளவில்லை.

ஆனால் கவலை இங்கேதான் தொடங்குகிறது. எவோரா நகராட்சியில் சுமார் 53 ஆயிரம் பேர் இருந்தாலும், பெரும்பாலானவர்கள் மதிலுக்கு வெளியே. உள்ளே வசிப்பவர்களின் எண்ணிக்கை பல பத்தாண்டுகளாகக் குறைந்துகொண்டே வருகிறது. பழைய வீட்டைப் பழுதுபார்க்க ஏகப்பட்ட செலவு, பாரம்பரியப் பகுதி என்பதால் ஆயிரம் விதிமுறை, கார் நிறுத்த இடமில்லை. பூட்டிக் கிடக்கும் வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவது சுலபம். 2027-ல் ஐரோப்பியக் கலாச்சாரத் தலைநகர்களில் ஒன்று எவோரா. கூட்டம் இன்னும் கூடும். ஆள் புழங்கியதால் நின்ற ஊர் இது. புழங்குகிற ஆள் முழுக்க டிக்கெட் வாங்கி வருகிறவராக மாறினால் குழாய்த் தெருவில் துணி யார் காயவைப்பது?

எப்படிப் போவது, எப்போது போவது?

ஷெங்கன் விசா இருந்தால் போதும். லிஸ்பனிலிருந்து ரயிலைவிட பஸ் அதிகம். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். அலென்டெஜோ சமவெளியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், நம்ம வேலூரே தேவலை என்று தோன்றும். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் நல்லது. முடிந்தால் ஒரு இரவாவது மதிலுக்குள் தங்குங்கள். பகல் பஸ்கள் கிளம்பிய பிறகு, விளக்கு வெளிச்சத்தில் கோயில் முன்னால் ஊர்க்காரர்கள் நாயோடு நடப்பதைப் பார்க்கலாம். சாப்பாட்டுக்கு 'அசோர்டா' கேளுங்கள். பழைய ரொட்டியைப் பூண்டு, கொத்தமல்லி, ஆலிவ் எண்ணெய் போட்ட சுடுநீரில் ஊறவைத்து, மேலே முட்டை. ஏழை வீட்டுச் சாப்பாடு, இப்போது ரெஸ்டாரன்ட் மெனுவில்.

மறுநாள் கார் கிடைத்தால் மேற்கே சுமார் 15 கி.மீ. தள்ளி அல்மென்ட்ரெஸ் போகலாம். கார்க் மரங்களுக்கு நடுவே ஏறக்குறைய 95 நடுகற்கள் வட்டமாக நிற்கின்றன. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சைவிடப் பழையவை, ஆனால் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது 1960-களில்தான். போகிற வழியில் மரங்களின் அடிப்பகுதி செம்மண் நிறத்தில், சட்டை கழற்றிய மாதிரி நிற்கும். அதில் வெள்ளைப் பெயின்டில் ஒற்றை எண். 3 என்று இருந்தால் 2023-ல் பட்டை உரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறைதான் தொடலாம் என்பதால், அந்த மரத்துக்கு அடுத்த முறை 2032.