மேசைக்கு அரக்கு, வண்டிக்கு எண்ணெய்

அரக்கு என்றதும் பாரதக் கதையின் அரக்கு மாளிகை சிலருக்கு நினைவில் எழலாம். வங்கியோடு நெடுநாள் பழகியவர்களுக்கோ, பணப்பையின் முடிச்சில் உருக்கி ஊற்றி முத்திரை பதித்த செந்நிறப் பொருள் நினைவுக்கு வரும். அதே அரக்குதான் ‘பிரெஞ்ச் பாலிஷ்’ என்னும் பெயரில் மரச்சாமான்களுக்கு மெருகூட்டுகிறது என்பதை, ராஞ்சியில் குடியேறிய பின்னரே நாங்கள் அறிந்தோம்.

நாட்டில் அரக்கு மிகுதியாக விளையும் மாநிலங்களில் ஜார்க்கண்ட் முதன்மையானது. புரசு, இலந்தை, குசும் ஆகிய மரங்களின் இளங்கிளைகளில் கூட்டங்கூட்டமாக ஒட்டி வாழும் சிறு பூச்சிகள் தம்மைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பிசினே அரக்கு. அதைக் கிளையிலிருந்து சுரண்டிக் கழுவி, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து உடைத்தால் பொன்னிறச் செதில்கள் கிடைக்கின்றன. ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924-ஆம் ஆண்டிலேயே அரக்குக்கெனத் தனி ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

எங்கள் வீட்டில் கவனிப்பை வேண்டிய மரங்கள் இரண்டு. ஒன்று, பழைய சாமான் கடையில் வாங்கிய சீசம் மர எழுதுமேசை. மற்றொன்று, எங்கள் நாற்றுப் பண்ணைக்காகக் கடனில் வாங்கிய சிறிய பிக்கப் வண்டியின் தளப்பலகை. இரும்புத் தளம் கீறாதிருக்க அதன்மேல் பலகை பரப்பியிருந்தோம். ஓர் ஆண்டு ஜூலையில் மேசைக்கு அரக்கு பூசினோம். எஞ்சியதைப் பலகைக்கும் பூசினோம். மேசை மறுநாளே பால் படிந்தாற்போல் வெளுத்தது. பலகைப் பூச்சு மழைக்காலம் முடியுமுன் உரிந்துபோயிற்று. பலகையைத் தூக்கிப் பார்த்தபோது, அடியில் தேங்கிய ஈரத்தால் இரும்பில் துரு ஏறியிருந்தது. தவணை இன்னும் முடியாத வண்டி அது. எங்கள் பிழைப்பும் அதுவே. பூச்சு என்பது அழகுக்காக மட்டுமன்று, அது தாங்க வேண்டிய இடத்தை அறிந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்னும் பாடத்தை அன்று கற்றோம்.

முதலில் சோதனை

பழைய சாமானைக் கண்டதும் உப்புத்தாளை எடுத்துவிட வேண்டாம். கண்ணில் படாத ஒரு மூலையில், பாலிஷுக்குப் பயன்படும் ஸ்பிரிட்டை ஒரு துளி தொட்டு வையுங்கள். சற்று நேரத்தில் பிசுபிசுத்தால் அது அரக்குப் பூச்சு. அத்தகைய மேசையை முழுவதும் சுரண்ட வேண்டியதில்லை. புதிய அரக்கு பழைய அரக்கை இளக்கி, அதனோடு ஒன்றிவிடும். அரக்கின் தலையாய சிறப்பு இதுவே: பழுதுபட்ட இடத்தை மட்டும் செப்பனிடலாம். கடினமான செயற்கைப் பூச்சுகளில் இவ்வசதி எளிதில் கிட்டாது.

மேசைக்கு

நூறு கிராம் செதிலுக்கு அரை லிட்டர் ஸ்பிரிட் என்பது தொடக்கநிலையாளர்க்கு ஏற்ற அளவு. மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் ஓரிரவு ஊறவிட்டு, துணியில் வடிகட்டுங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது. அரக்கின் நிறம் கறுக்கும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அதன் ஆவியைச் சுவாசிப்பதும் நன்றன்று. ஆகவே சன்னல்களைத் திறந்துவையுங்கள். அடுப்பும் விளக்கும் அருகில் வேண்டாம்.

பழைய வேட்டித் துணிக்குள் பஞ்சை வைத்துப் பந்தாகக் கட்டி, கலவையில் நனைத்து, மர ரேகையின் போக்கிலேயே மெல்லியதாகப் பூச வேண்டும். ஈரம் காயுமுன் அதே இடத்தைத் திரும்பத் தேய்த்தால் பூச்சு கிழியும். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே ஒரு மணி நேரமேனும் விடுங்கள். நன்கு காய்ந்தபின் 320-ஆம் எண் உப்புத்தாளால் மேலோட்டமாகத் தடவி, தூசைத் துடைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். கனமான ஒரு பூச்சைவிட மெல்லிய நான்கு பூச்சுகள் மேல்.

எங்கள் மேசை வெளுத்ததற்குக் காரணம் மழைக்காலக் காற்றின் ஈரம். ஸ்பிரிட் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது; அதனால் காற்றின் ஈரம் அதில் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்கிறது. நவம்பர் மாதத்து வறண்ட நாளொன்றில், சிறிதளவு ஸ்பிரிட் தோய்ந்த துணிப்பந்தால் மெல்லத் தடவினோம், வெண்மை மறைந்தது. இப்போது மேசை ஒளிர்கிறது. எனினும் அதன்மேல் சூடான தேநீர்க் குவளையை வைப்பதில்லை. வெப்பமும் தண்ணீரும் அரக்குக்கு ஆகாதவை.

வண்டிக்கு

வெயிலையும் மழையையும் தாங்க வேண்டிய பலகைக்கு ஆளி விதை எண்ணெயைத் தேர்ந்தோம். பெயிண்ட் கடையில் ‘காய்ச்சியது’ என்று கேட்டு வாங்க வேண்டும். வீட்டு அடுப்பில் காய்ச்ச முயலலாகாது. முதற்பூச்சுக்குச் சம அளவு டர்ப்பன்டைன் கலந்தால் எண்ணெய் மரத்தினுள் நன்கு இறங்கும். பலகையின் இரு முகங்களையும், குறிப்பாக வெட்டுமுனைகளையும் விடாது பூசுங்கள். மரம் தண்ணீரை மிகுதியாகக் குடிப்பது வெட்டுமுனை வழியாகத்தான். கால் மணி நேரம் கழித்து, மேலே நிற்கும் எண்ணெயை முற்றிலும் துடைத்துவிட வேண்டும். இப்பூச்சு நிலையானதன்று, ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும்.

மழைக்கு முன், மே மாதத்தில், பலகைகளைக் கழற்றித் தளத்தைக் கழுவுகிறோம். மண்ணும் உரத்தின் உப்பும் ஈரத்தோடு சேர்ந்து துருவை விரைவுபடுத்துபவை. தளத்தின் நீர்வடி துளைகள் அடைபட்டிருந்தால் குச்சியால் திறந்துவிடுகிறோம். துருவைக் கம்பித் தூரிகையால் பளபளப்பான இரும்பு தெரியும்வரை தேய்த்து, ரெட் ஆக்சைடு பிரைமரும் அதன்மேல் எனாமல் பெயிண்டும் பூசுகிறோம். பலகைகளுக்கு அடியில் ரப்பர்ப் பட்டைகள் வைத்திருப்பதால் காற்று உலவ வழி உண்டு; ஈரம் தங்குவதில்லை.

மறக்கலாகாத எச்சரிக்கை

ஆளி விதை எண்ணெய் காற்றோடு கலந்து உலரும்போது வெப்பம் உண்டாகிறது. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அவ்வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, சில மணி நேரத்தில் தானே தீப்பற்றக்கூடும். நெருப்புப் பொறி எதுவும் வேண்டியதில்லை. ஆதலால் வேலை முடிந்ததும் துணிகளைத் திறந்தவெளியில் ஒற்றையாக விரித்துக் காயவையுங்கள். அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் அமிழ்த்தி மூடிவையுங்கள். மேசையும் வண்டியும் வீடு பத்திரமாக இருந்தால்தானே!

கணக்கேடுகளில் ‘தேய்மானம்’ என்றொரு தலைப்பு உண்டு. பொருளின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதை அது எழுதிவைக்கிறது. அக்குறைவை முற்றிலும் நிறுத்த இயலாது. ஆயினும் மே மாதத்தில் ஒரு ஞாயிறும் நவம்பரில் ஒரு ஞாயிறும் ஒதுக்கினால், அதன் வேகத்தைக் குறைக்கலாம். எங்கள் வீட்டு நாட்காட்டியில் அவ்விரு நாள்களையும் இப்போதே வட்டமிட்டு வைத்துவிட்டோம்.