புட்டு பெரியவனானால்?

ஓசூரில் எங்க வீட்டுப் பையனுக்குச் செல்லப்பேர் புட்டு. கன்னடத்தில் 'புட்ட' என்றால் சின்ன. மாமியார் சான்றிதழிலும் அதையே போடச் சொல்றாங்க. நாளைக்கு சிப்காட் கம்பெனி அடையாள அட்டையில் 'புட்டு' என்றிருந்தால், தமிழ்க்காரங்க தேங்காய்ப்பூ எங்கேன்னு கேட்பாங்க.

பழைய ஆட்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள்: செல்லச் சொல்லோடு மரியாதைச் சொல்லை ஒட்டுவது. கன்னடத்தில் புட்டண்ணா, புட்டசாமி. தமிழில் சின்னப்பா, சின்னசாமி. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கைத் தொடுத்தவர், ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசாமி. அவர் பேரிலும் அதே 'புட்ட'தான்.

நீங்களும் பேரோடு 'சார் இருக்காரா?' சேர்த்துச் சொல்லிப் பாருங்க. 'புட்டு சார்' சிரிக்க வைக்குது. 'புட்டசாமி சார்' இயல்பா இருக்கு.

பிறப்பைப் பதிந்தபின் 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். எங்களுக்கு இன்னும் 2 மாதம் இருக்கு. மாமியாரிடம் பேசணும்.